மொத்த எடை குறைவாக இருந்தும் ஏன் பணம் கட்டினோம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆறு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவருடைய கொள்ளுத் தாத்தா நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். கப்பல் பதிவேட்டில் இருந்த எண்ணைக் கொண்டு தேடி, பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் சொந்த ஊரைக் கண்டுபிடித்து, 14 மாதங்களுக்கு முன் கணவரோடு அங்கே போய் வந்திருக்கிறார். அங்கே ஒன்றுவிட்ட தங்கை வீட்டுத் திருமணம். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை மலிவாகக் கிடைத்த உள்நாட்டு டிக்கெட், அங்கிருந்து துபாய் வழியாகச் சென்னைக்குப் போக வர இன்னொரு டிக்கெட். ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி, ஆக இருவருக்கும் 92 கிலோ என்று கணக்குப் போட்டு, 31, 29, 17 கிலோவில் மூன்று பெட்டிகள் கட்டியிருக்கிறார்கள். மொத்தம் 77. ஆனாலும் டர்பனில் ஒரு முறை, ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு முறை என்று 4,150 ரேண்ட் கட்ட வேண்டியதாயிற்று.

சென்னையில் ஒரு பெட்டி மூன்று நாள் தாமதமாக, சக்கரம் உடைந்து வந்தது. திருமணத்துக்கு உடுத்த ஒன்றுமில்லாமல் 2,600 ரேண்ட் மதிப்புக்குத் துணி வாங்கியிருக்கிறார்கள். திரும்பும்போது பித்தளைக் குத்துவிளக்கும் கிரைண்டரும் வைத்த பெட்டி 34 கிலோ. பணம் கட்டுகிறோம் என்று சொல்லியும் ஏற்கவில்லை. பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்து, கிரைண்டரை வழியனுப்ப வந்த உறவினரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

இப்போது பேரனுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை அடிக்க மகளையும் அழைத்துக்கொண்டு நால்வராகப் போகிறார்கள். கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா? நாலு பேருக்கும் எட்டுப் பெட்டி உண்டு என்கிறார் கணவர், ஒரே பெரிய பெட்டி வாங்கிவிடலாம் என்கிறார் மகள், எது சரி? நகைகளைப் பூட்டுப் போட்ட பெரிய பெட்டியில் வைக்கலாமா? கடைசி வரியில், கொஞ்சம் தயக்கத்தோடு, ஊரிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவர ஆசை என்றும் எழுதியிருக்கிறார்.

அம்மா,

சென்னை விமான நிலையத்தில் பின்னால் வரிசை நிற்க, நீங்கள் தரையில் உட்கார்ந்து உள்ளாடை வரை வெளியே எடுத்து வைத்ததைச் சொல்லும் இடத்தில் உங்கள் கையெழுத்தே மாறியிருக்கிறது. அதுவரை வரிசை பிசகாமல் வந்த எழுத்துகள் அங்கே சாய்ந்து நெருக்கமாகிவிட்டன. நாற்பது பேர் பார்க்க ஒரு ஆசிரியைக்கு அப்படி நேர்ந்திருக்கக் கூடாது. நீங்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. வீட்டிலேயே எடை போட்டு, கணக்கு எழுதி வைத்துக்கொண்டுதான் போயிருக்கிறீர்கள். கூட்டியதில் பிழை இல்லை. விமான நிறுவனம் எதைக் கணக்கிடுகிறது என்பதை எடுத்துக்கொண்டதில்தான் பிழை. அதைச் சரிசெய்துகொண்டால் இந்த முறை கவுன்ட்டரில் பெட்டியைத் திறக்க நேராது.

77-க்கும் 92-க்கும் இடையில்

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய டிக்கெட் நகலில், பயண வழிக்குப் பக்கத்துக் கட்டத்தில் ‘2 பி.சி.’ என்று இருக்கிறது. இந்தச் சிறிய குறியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. லக்கேஜைக் கணக்கிட விமான நிறுவனங்களிடம் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று எடை முறை. டிக்கெட்டில் ‘30 கே’ என்று இருந்தால் உங்களுக்கு 30 கிலோ. அதை ஒரு பெட்டியிலும் வைக்கலாம், இரண்டிலும் வைக்கலாம். மற்றொன்று எண்ணிக்கை முறை. ‘2 பி.சி.’ என்றால் இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எடை வரம்பு, எகானமி வகுப்பில் பெரும்பாலும் 23 கிலோ. இங்கே மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பதே இல்லை. ஒரு பெட்டியில் ஆறு கிலோ குறைந்திருக்கிறது என்பதற்காக இன்னொன்றில் ஆறு கிலோ கூட அனுமதிக்க மாட்டார்கள். உங்கள் 31-ம் 29-ம் ஒவ்வொன்றும் தனியாக வரம்பை மீறின. 17 கிலோப் பெட்டியில் மிச்சமிருந்த இடம் அவற்றுக்கு உதவவில்லை.

2008-இல் திருப்பதிக்குப் போனபோது இப்படி யாரும் கேட்கவில்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயணத்து டிக்கெட் எடை முறையில் இருந்திருக்கலாம். அதில் உங்கள் கணக்குச் சரி. அதே பழக்கத்தை வேறு முறையில் அமைந்த டிக்கெட்டுக்கும் பயன்படுத்தியதுதான் நடந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்; படித்தால் வருத்தமாக இருக்கும். சர்வதேச டிக்கெட்டில் உங்கள் இருவருக்கும் நான்கு பெட்டிகள் உரிமையாக இருந்தன. நீங்கள் கொண்டுபோனது மூன்று. அதே 77 கிலோவை நான்காகப் பிரித்திருந்தால் பெட்டிக்கு 19 கிலோ சொச்சம்தான் வந்திருக்கும். ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு காசும் கட்டியிருக்க வேண்டாம். டர்பன் விக்டோரியா தெரு மார்க்கெட்டுப் பக்கம் ஒரு சாதாரணத் துணிப்பை வாங்கியிருந்தால் போதும்.

34 கிலோ பெட்டிக்குக் காரணம் வேறு. விமான நிறுவனங்கள் பொதுவாக எந்தப் பயணியிடமிருந்தும் 32 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒற்றைப் பெட்டியை ஏற்பதில்லை. அதற்கு மேல் கட்டணம் என்ற பேச்சே கிடையாது. விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்து நின்று பெட்டிகளைக் கையால் தூக்கி அடுக்குகிறவர்களின் முதுகைக் காப்பதற்கான வரம்பு அது. கவுன்ட்டரில் இருந்த பெண் உங்களிடம் கடுமையாகப் பேசியது தவறு. பெட்டியை மறுத்தது தவறில்லை.

டிக்கெட் இரண்டானால் ஒப்பந்தமும் இரண்டு

டர்பனில் நீங்கள் கட்டியது இன்னொரு கதை. ‘சென்னை வரை போகிறோம், 46 கிலோ உண்டு’ என்று சர்வதேச டிக்கெட்டைக் காட்டினீர்கள். உள்நாட்டு நிறுவன ஊழியர் அதைப் பார்க்கக்கூட மறுத்தது உங்களுக்கு அவமதிப்பாகப் பட்டிருக்கிறது. சட்டப்படி அவர் பார்க்க வேண்டியதில்லை. தனியாக வாங்கிய டிக்கெட் தனி ஒப்பந்தம். அந்த நிறுவனம் உங்களோடு ஒப்புக்கொண்டது டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை, ஆளுக்கு 20 கிலோவில் ஒரு பெட்டி. அதற்குப் பிறகு நீங்கள் எங்கே போனாலும் அந்த ஒப்பந்தம் மாறாது. ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்கள் சேர்ந்திருந்தால் மட்டுமே, முழு வழிக்கும் ஒரே லக்கேஜ் விதியை டிக்கெட்டிலேயே எழுதித் தருவார்கள்.

தனி டிக்கெட்டில் வேறு ஆபத்துகளும் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் பெட்டிகளை நீங்களே எடுத்து மறுபடி பதிய வேண்டும். உள்நாட்டு விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், சர்வதேச நிறுவனம் உங்களை ‘வராத பயணி’ என்று குறித்துக்கொள்ளும். கைக்குழந்தையோடு இந்தச் சிக்கல் வேண்டாம் என்பதே என் எண்ணம். டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்தே வளைகுடா வழியாகச் சென்னை வரை ஒரே டிக்கெட் கிடைக்கிறது. அதன் விலை கூடுதலாகத் தெரியும். ஆனால் உள்நாட்டு டிக்கெட்டின் விலையோடு அதில் கூடுதல் பெட்டிக்குக் கட்ட வேண்டிய தொகையையும் சேர்த்து, பிறகு ஒப்பிடுங்கள். இந்தியாவுக்குள் மதுரைக்கோ கோவைக்கோ விமானத்தில் போகும் எண்ணம் இருந்தால் இதே எச்சரிக்கை அங்கும் பொருந்தும். அங்கே உள்நாட்டு எகானமி டிக்கெட்டுகளில் 15 கிலோதான் பரவலான வரம்பு.

மகள் பார்த்து வைத்திருக்கும் பெட்டி

80, 55, 36 சென்டிமீட்டர் என்று அளவை எழுதியிருக்கிறீர்கள். மூன்றையும் கூட்டினால் 171. நீளம், அகலம், உயரம் சேர்ந்து 158 சென்டிமீட்டருக்குள், அதாவது 62 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான நிறுவனங்களின் வரம்பு. இந்தப் பெட்டி காலியாகப் போனாலும் அளவு மீறியதுதான். எடைக்கும் அளவுக்கும் கட்டணம் தனித்தனியாக வரலாம். கடையில் ஒட்டியிருக்கும் அளவில் பல நேரங்களில் சக்கரமும் கைப்பிடியும் சேர்ந்திருக்காது. விமான நிலையத்தில் அவற்றையும் சேர்த்தே அளப்பார்கள். தையல் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து கைப்பிடியின் மேல்விளிம்பு வரை நீங்களே அளந்து பாருங்கள்.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. பெரிய பெட்டியில் இடம் இருந்தால் கை சும்மா இருக்காது. எதையாவது வைத்துக்கொண்டே போகும். புடவையும் பித்தளையும் வைக்கிற வீட்டில் அரைப் பெட்டி நிரம்புவதற்குள் 23 கிலோ ஆகிவிடும். கெட்டியான பெட்டிகள் காலியாகவே ஐந்தாறு கிலோ இருக்கின்றன. அந்த எடைக்குக் குறைந்தது எட்டுப் புடவை வைக்கலாம். நடுத்தர அளவில், எடை குறைந்த பெட்டிகளே உங்களுக்கு ஏற்றவை.

எடை பார்க்கத் தனித் தராசு வாங்க வேண்டியதில்லை. குளியலறைத் தராசில் முதலில் நீங்கள் மட்டும் நின்று பாருங்கள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெட்டியின் எடை. 22-ஐத் தாண்டாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுத் தராசுக்கும் விமான நிலையத் தராசுக்கும் கொஞ்சம் முன்பின் இருக்கும். கவுன்ட்டரில் எடை அதிகமாகத் தெரிந்து உங்களுக்குச் சந்தேகம் வந்தால், பெட்டியை இறக்கிவிட்டு எண் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். பக்கத்துக் கவுன்ட்டரில் போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எடையை வைத்துக் கட்டணம் வாங்குகிற தராசு சரியாக இருக்க வேண்டும் என்பது நம் தென்னாப்பிரிக்காவில் 2014-ஆம் ஆண்டின் சட்டமுறை அளவியல் சட்டத்தின் கீழ் வருகிற விஷயம். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கைப்பையை எடை போட மாட்டார்கள் என்று உங்கள் கணவர் சொல்வதை நம்ப வேண்டாம். நம் வழித்தடங்களில் 7 கிலோதான் பரவலான வரம்பு, பலர் எடை போடுகிறார்கள். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் சொல்லும் அளவு 56, 45, 25 சென்டிமீட்டர் என்றாலும் பல நிறுவனங்கள் அதைவிடச் சிறிதாக வைத்திருக்கின்றன. உங்கள் நிறுவனத்தின் பக்கத்தில் இருக்கும் எண்ணே கணக்கு.

பேரனுக்கும் பெட்டி உண்டா?

நாலு பேருக்கு எட்டுப் பெட்டி என்ற கணக்கில் பேரனையும் சேர்த்திருக்கிறீர்கள். மடியில் உட்காரும் குழந்தைக்குப் பெரியவர்களுக்குரிய அளவு கிடைப்பது அரிது. சில நிறுவனங்கள் 10 கிலோவில் ஒரு சிறு பை தருகின்றன, சில 23 கிலோப் பெட்டி ஒன்று தருகின்றன. தள்ளுவண்டியைப் பெரும்பாலும் இலவசமாக ஏற்றுவார்கள். ஆகவே இப்போதைக்கு ஆறு பெட்டி என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆனால் பெட்டியைவிட முக்கியமான ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. புறப்படும்போது குழந்தைக்கு 23 மாதம். ஐந்து வாரம் கழித்துத் திரும்புகிறீர்கள். வழியில் அவனுக்கு இரண்டு வயது நிறைந்துவிடுகிறது. இரண்டு வயது நிறைந்த குழந்தைக்குத் தனி இருக்கையும் குழந்தைக் கட்டண டிக்கெட்டும் வேண்டும். திரும்பும் நாளில் சென்னைக் கவுன்ட்டரில் இதைக் கேட்டால், அன்றைய விலையில் டிக்கெட் வாங்க நேரும். பதிவு செய்யும்போதே பிறந்த தேதியைச் சரியாகக் கொடுத்து, திரும்பும் வழிக்கு இருக்கை கேளுங்கள். அந்த வழியில் பெரும்பாலும் அவனுக்கும் முழு லக்கேஜ் உரிமை வந்துவிடும்; விளக்கு வரப்போவதும் அந்த வழியில்தானே! மருமகன் உடன் வராததால், அவருடைய சம்மதக் கடிதமும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் மகளின் கைப்பையில் இருக்கட்டும்.

போன பணத்தில் எது திரும்பும்?

இனி உங்கள் முதல் கேள்வி. மூன்று தொகைகளையும் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தில் மூன்றும் வெவ்வேறு.

கூடுதல் எடைக் கட்டணம் 4,150 ரேண்ட் திரும்பக் கிடைக்கும் என்று என்னால் நம்பிக்கை தர முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எளிய மொழியில் தகவல் கேட்கும் உரிமையைத் தருகிறது என்று நீங்கள் மேற்கோள் காட்டியிருப்பது சரியே. 2008-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 22-ஆம் பிரிவு அது. ஆனால் டிக்கெட்டோடு வந்த மின்னஞ்சலின் இரண்டாம் பக்கத்தில் ‘ஒரு பெட்டி 23 கிலோவுக்கு மிகாமல்’ என்று தெளிவாகவே அச்சாகியிருக்கிறது. அப்படியிருக்க, மறைத்தார்கள் என்று வாதிட முடியாது. ஒன்று செய்யலாம். ரசீதை எடுத்து, எத்தனை பெட்டிக்கு, என்ன வீதத்தில் வாங்கினார்கள் என்று நிறுவனத்தின் கட்டணப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதலாக வாங்கியிருந்தால் அந்த வித்தியாசத்தைக் கேட்க உரிமை உண்டு.

உடைந்த சக்கரத்துக்கான உரிமை போய்விட்டது. சர்வதேசப் பயணத்தில் லக்கேஜ் பற்றிய பொறுப்பை 1999-ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கை வரையறுக்கிறது. தென்னாப்பிரிக்காவும் இந்தியாவும் அதில் உறுப்பு நாடுகள். பெட்டி சேதமடைந்து வந்தால், கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். நீங்கள் 12-ஆம் நாள், அதுவும் தொலைபேசியில் சொல்லியிருக்கிறீர்கள். பேச்சு அங்கே செல்லாது. அடுத்த முறை பெட்டியைப் பெல்ட்டிலிருந்து எடுத்ததும் நான்கு பக்கமும் பாருங்கள். உடைசல் தெரிந்தால் சுங்கத்தைக் கடப்பதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் லக்கேஜ் மேசையில் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள்.

தாமதத்துக்கான உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் காப்பாற்றியது நீங்கள்தான், தெரியாமலேயே. சென்னையில் இறங்கிய ஐந்தாம் நாள், துணி வாங்கிய பில்களை இணைத்து நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறீர்கள். ‘பதில் என்று இயந்திரம் அனுப்பிய ஒரு வரிதான் வந்தது’ என்று சலிப்போடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த மின்னஞ்சல் போதும். தாமதம் பற்றிய புகாரை, பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்பதே விதி. நீங்கள் அதற்குள் எழுதிவிட்டீர்கள். வழக்குத் தொடர இரண்டு ஆண்டுகள் அவகாசம். உங்களுக்குப் பத்து மாதங்கள் மீதம் இருக்கின்றன. போக வர எடுத்த டிக்கெட்டில் பயணத்தின் சேரிடம் புறப்பட்ட இடமே என்று சட்டம் கொள்வதால், இங்கேயே வழக்கிடலாம்.

முதலில் நிறுவனத்துக்கு 14 நாள் கெடு வைத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். பதில் இல்லாவிட்டால் சிறு உரிமைகோரல் நீதிமன்றம். அங்கே 20,000 ரேண்ட் வரை கேட்கலாம். வழக்குரைஞர் வாதாட அனுமதி கிடையாது, நீங்களே பேச வேண்டும். நாற்பது மாணவர்களை அடக்கி ஆண்டவருக்கு அது பெரிய காரியமில்லை. எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாமதத்தைத் தவிர்க்க நியாயமான எல்லா நடவடிக்கைகளும் எடுத்தோம் என்று அவர்கள் நிரூபித்தால் பொறுப்பிலிருந்து தப்பலாம். வாங்கிய துணி உங்களிடமே இருக்கிறது என்று சொல்லித் தொகையைக் குறைக்கவும் பார்ப்பார்கள். முழு 2,600 ரேண்டும் வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கேட்காமல் விடுவது மட்டும் தவறு.

நகைகள் வேண்டவே வேண்டாம்

பூட்டு இருந்தால் பாதுகாப்பு, காணாமல் போனால் நிறுவனம் முழு மதிப்பையும் தரும் என்ற இரண்டு எண்ணங்களையும் விட்டுவிடுங்கள். பதிந்த பெட்டி தொலைந்தால் நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். வரைதான். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியம் கணக்கிடும் அலகு. இந்தத் தொகை சற்றேறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். 2024 டிசம்பர் 28 முதல் இந்த வரம்பு. இது ஒரு பெட்டிக்கு என்று எண்ண வேண்டாம், ஒரு பயணியின் எல்லாப் பெட்டிகளுக்கும் சேர்த்து. தாமதம், சேதம் எல்லாம் இதற்குள்ளேயே அடங்கும். உங்கள் தாயாரின் காசுமாலை ஒன்றே இதைத் தாண்டும். பெட்டியைப் பதியும்போதே மதிப்பை எழுதி அறிவித்து, கூடுதல் தொகை கட்டினால் வரம்பு உயரும் என்று உடன்படிக்கையில் வழி இருக்கிறது. ஆனால் நகையையும் பணத்தையும் பதிவுப் பெட்டியில் வைக்கக் கூடாது என்று நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கின்றன. பிறகு அதைச் சொல்லி வழக்காடுவார்கள்.

தேவையான நகை உடம்பிலோ கைப்பையிலோ இருக்கட்டும்; மற்றவை வங்கியில். கொண்டுபோவதைப் புறப்படும் முன் நம் சுங்கத்தில் பதிந்துவிடுங்கள், திரும்பும்போது புதிதாக வாங்கியதா என்ற கேள்வி எழாது. இந்தியச் சுங்கம் நகைக்குத் தனி வரம்பு வைத்திருக்கிறது. புறப்படும் வாரத்தில் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் வாங்கும் புடவைக்கும் பாத்திரத்துக்கும், திரும்பும்போது இங்கே ஒருவருக்கு 5,000 ரேண்ட் மதிப்பு வரை வரியில்லை. அதற்கு மேல் இன்னும் 20,000 ரேண்ட் வரையிலான பொருளுக்கு 20 சதவீதம் ஒரே வீதமாகக் கட்டலாம். பில்களை ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

எடை சரியாக இருந்தும் நிறுத்தப்படுபவை

கோயில் காரியம் என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். கற்பூரம் தீப்பற்றும் திடப்பொருள்; கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. கொப்பரை தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் இருக்கிறது. தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக இந்தியாவில் தடை. சபரிமலைக்கு இருமுடி கட்டிப் போகிறவர்களுக்குக்கூட, 2024 அக்டோபரில் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று தனி விலக்கு அளித்தார்கள். ஆகவே பூஜைச் சாமான்களை அங்கேயே வாங்கி, அங்கேயே முடித்துவிடுங்கள். ஊறுகாய், நெய், பஞ்சாமிர்தம் எல்லாம் திரவக் கணக்கில் வரும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் இருந்தால் எடுத்து வைத்துவிடுவார்கள். பவர் பேங்க் மட்டும் நேர்மாறு, பெட்டியில் வைக்கவே கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். அதன் மின் கொள்ளளவு 100 வாட்-மணிக்குள் இருந்தால் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உங்கள் மகளிடம் இருக்கும் 20,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க் 74 வாட்-மணிதான்.

திரும்பி வரும்போது நம் நாட்டு விதிகள் இன்னும் கண்டிப்பானவை. விதை, செடி, பழம், தேன், தாவர எண்ணெய் எல்லாம் அனுமதிச் சீட்டு கேட்கும் பட்டியலில் இருக்கின்றன. வெண்ணெய் முதலான பால் பொருட்களும் அப்படியே. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் என்று உறவுக்காரர்கள் ஆசையாக ஐந்து லிட்டர் தருவார்கள். எடையும் போய், கடைசியில் எண்ணெயும் போய்விடும்.

குத்துவிளக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். திருகினால் கழன்று வரும் விளக்காகப் பார்த்து வாங்குங்கள். தண்டு, தட்டு, அடிப்பாகம் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பருத்திப் புடவையில் சுற்றி, இரண்டு மூன்று பெட்டிகளில் பங்கு போட்டு வையுங்கள். அடிப்பாகம்தான் கனம். அது சக்கரத்துக்குப் பக்கத்தில், பெட்டியின் அடியில் இருக்கட்டும். கைப்பையில் வேண்டாம்; கூரான முனையைப் பார்த்துத் தடுக்கலாம். கிரைண்டர் டர்பன் கடைகளிலேயே கிடைக்கிறது, அம்மா. அதன் கல்லை இரண்டு கடல் தாண்டிச் சுமக்க வேண்டியதில்லை.

கடைசியாக அந்த ஒரு பிடி மண். கொள்ளுத் தாத்தா விட்டு வந்த ஊரின் மண்ணை இங்கே துளசி மாடத்தில் சேர்க்க வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் மண்ணில் கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் நோயும் வரும் என்பதால், 1983-ஆம் ஆண்டின் வேளாண் பூச்சிகள் சட்டம் அதை அனுமதியின்றிக் கொண்டுவர விடுவதில்லை. கைக்குட்டையில் முடிந்து மறைத்துக் கொண்டுவர மட்டும் வேண்டாம். கண்டுபிடித்தால் மண்ணைப் பறித்துவிடுவதோடு, குழந்தையோடு உங்களையும் நிறுத்தி வைப்பார்கள். உண்மையிலேயே வேண்டுமென்றால் புறப்படுவதற்கு முன்பே வேளாண்மைத் துறையிடம் இறக்குமதி அனுமதிக்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம். என்ன நிபந்தனை விதிப்பார்கள், கிடைக்குமா என்பதை அவர்களே சொல்ல வேண்டும். படிவத்தை நிரப்ப நான் உதவுகிறேன். நீங்கள் வரும் அன்றே விமான நிறுவனத்துக்கான கோரிக்கைக் கடிதத்தையும் எழுதி முடித்துவிடலாம். துணி வாங்கிய பில்களின் அசல், ஐந்தாம் நாள் அனுப்பிய மின்னஞ்சலின் அச்சுப்படி, பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டு மூன்றையும் எடுத்து வாருங்கள். புதிய டிக்கெட்டைப் பதிவு செய்வதற்கு முன் வந்தால் இன்னும் நல்லது. லக்கேஜ் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.